வேடிக்கை பார்க்கவா, வேலைக்குப் போகவா? கொழும்பு மறந்த ட்ராமும் கைவிட்ட இலகு ரயிலும்

கொழும்பைச் சுற்றிக் காட்டும் திறந்த மேல்தட்டு பஸ்ஸில் ஏறி அமர்ந்தால் எமது தலைநகர் உண்மையிலேயே அழகான நகரம்தான். காலிமுகத்திடலின் காற்று, பழைய பாராளுமன்றத்தின் தூண்கள், நகர மண்டபத்தின் வெள்ளைக் கூரை, எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம். வெளிநாட்டவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், போகிறார்கள். அதே பாதையில், அதே நெரிசலில், புறக்கோட்டையிலிருந்து மீகொட செல்லும் 190ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு தொங்குகின்ற இளைஞனுக்கு இந்தக் கோபுரமும் மண்டபமும் கண்ணில் படுவதில்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்கும் வாகனத்தின் பின்பக்கம்தான்.

ஒரு நகரத்தின் பெருமை எது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் அந்த மேல்தட்டில் இருந்துதான் கேட்கிறோம். எத்தனை மாடி, எத்தனை விளக்கு, எத்தனை உல்லாசப் பயணிகள் என்று எண்ணுகிறோம். பஸ்ஸில் தொங்குகின்றவனிடம் யாரும் கேட்பதில்லை. நகரங்களில் ட்ராம் வண்டிகளை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா, புதிதாக அமைப்பதா என்று உலகின் பல பாகங்களில் இப்போது நடக்கும் வாதங்களைக் கவனித்தால் இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையிலான இழுபறி நன்றாகவே தெரிகிறது. கொழும்புக்கு அந்த வாதத்தில் பெரிய பங்கு உண்டு. ஏனென்றால் இந்த நகரம் ஒரு ட்ராமை ஓட்டி, நிறுத்தி, மறந்து, பின்னர் அதன் நவீன வடிவம் ஒன்றைக் கட்டப்போய்ப் பாதியில் கைவிட்ட நகரம்.

பழைய கதையை இன்றைய தலைமுறை அறியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பௌஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேய வர்த்தக நிறுவனம் கொழும்பில் மின்சார ட்ராம் சேவையை ஆரம்பித்தது. இரண்டு பாதைகள். ஒன்று கோட்டையிலிருந்து புறக்கோட்டை பிரதான வீதி வழியாக கிராண்ட்பாஸ் வரை. மற்றது கோட்டையிலிருந்து மருதானை ஊடாக பொரளை வரை. வரைபடத்தில் இந்த இரண்டு கோடுகளையும் போட்டுப் பாருங்கள். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள், பழைய சோனகத் தெரு, புதுக்கடை, மருதானை, மாளிகாவத்தை என்று எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் வியாபாரம் செய்தும் வந்த பகுதிகள் எல்லாமே ஒன்றில் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் அல்லது கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 1908இல் இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியபோது, அந்தத் தெரு போய்ச் சேரும் பிரதான வீதியில் ட்ராம் மணி ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருந்தது. கட்டடத்தை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர் என்று சொல்வார்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்தச் சுவர்கள் இன்று கொழும்பைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் முதல் சில பக்கங்களுக்குள் வந்துவிடுகின்றன.

ட்ராம் அன்று யாருக்கும் காட்சிப் பொருளாக இருக்கவில்லை. அது கூலித் தொழிலாளியின், கச்சேரி எழுதுவினைஞரின், கடைச் சிப்பந்தியின் வாகனம். 1929இல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே கொதித்தது என்றால், அந்த அளவுக்கு அது நகரத்தின் நரம்பாக இருந்திருக்கிறது என்றுதான் பொருள். 1944இல் கொழும்பு மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1950களில் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. 1960இல் கடைசி ட்ராம் நின்றது. சில வருடங்களில் ட்ரொலி பஸ்களும் மறைந்தன. தண்டவாளங்களைத் தாருக்குள் புதைத்தார்கள். பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ட்ராம் என்றால் பழசு, பஸ்ஸும் காரும் என்றால் நவீனம் என்ற நினைப்பு அன்று லண்டனிலும் இருந்தது, கொழும்பிலும் இருந்தது.

எடுக்காமல் வைத்திருந்த நகரம் ஒன்று இருந்தது. கல்கத்தா. 1873இல் குதிரைகள் இழுத்த ட்ராமுடன் ஆரம்பித்து, 1902இல் மின்சாரத்துக்கு மாறி, ஆசியாவிலேயே மிக நீண்ட காலம் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ட்ராம் என்ற பெயரையும் பெற்ற நகரம் அது. பார்க் சர்க்கஸ், ராஜாபஜார் போன்ற முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் ட்ராம் டிப்போக்களே இருந்தன. எஸ்பிளனேடில் இறங்கினால் திப்பு சுல்தானின் புதல்வர் கட்டிய பள்ளிவாசல் நடை தூரத்தில். அந்த நகரத்தில்தான் 2024 செப்டெம்பரில் மேற்கு வங்க மாநில அரசு ஓர் அறிவிப்பை விடுத்தது. எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையிலான ஒரு குறுகிய பாதையை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நிறுத்துவதாகச் சொன்னது. காரணம், வாகன நெரிசல். நகரத்தின் நிலப்பரப்பில் வீதிகளுக்கு இருப்பது 6 வீதம்தான், அதில் மெதுவாகப் போகும் ட்ராமுக்கு இடமில்லை என்றார்கள். ட்ராமை நேசிப்பவர்கள் நீதிமன்றம் போனார்கள். டிப்போக்களின் பெறுமதிமிக்க காணிகள் மீதுதான் கண் என்று குற்றஞ்சாட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அரசாங்கம் ட்ராமை முற்றாக ஒழிக்கப்போவதாகச் சொல்லவில்லை. "பாரம்பரியத்தைப் பாதுகாப்போம்" என்றே சொன்னது. மக்கள் வேலைக்குப் போகும் பாதைகளை மூடிவிட்டு, பச்சைப் புல்வெளியின் ஓரமாக உல்லாசப் பயணிகள் போய்வர ஒரு பாதையை வைத்துக்கொள்வதற்கு வைத்த பெயர்தான் பாதுகாப்பு. ஒரு குடும்பத்தின் முதியவரை வீட்டு நிர்வாகத்தில் இருந்து ஒதுக்கிவிட்டு, விருந்தாளிகள் வரும்போது மட்டும் நல்ல உடுப்பு உடுத்தி முன்ஹோலில் இருத்துவது போன்றது இது. மரியாதை செய்வது போலத் தோன்றும். உண்மையில் அவருடைய சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை.

மறுபக்கம், உல்லாசப் பயணம் ட்ராமை வாழவும் வைக்கும், மூச்சு முட்டவும் வைக்கும் என்பதற்கு லிஸ்பன் நகரின் 28ஆம் இலக்க ட்ராம் சாட்சி. மலைச்சரிவுகளில் ஏறி இறங்கும் அந்த மஞ்சள் வண்டி உலகப் பிரசித்தம். ஆனால் அந்தப் பாதையோரம் வாழும் முதியவர்கள் சந்தைக்குப் போகக் காத்து நின்றால், வரும் வண்டி எல்லாம் கெமராக்களுடன் நிரம்பி வழிகிறது. ஊரவருக்கு இடமில்லாத ஊர் வண்டி அது.

இஸ்தான்பூல் இதை எவ்வாறு கையாண்டது என்று பார்ப்பது எமக்குப் பொருத்தமானது. உம்ராவுக்குப் போகும் வழியிலோ குடும்பச் சுற்றுலாவாகவோ இலங்கையிலிருந்து அங்கு சென்று வந்தவர்கள் நம்மில் கணிசமானோர். தக்ஸீம் சதுக்கத்திலிருந்து இஸ்திக்லால் வீதியில் மெதுவாக ஊர்ந்து செல்லும் சிவப்பு ட்ராமில் ஏறிப் படம் எடுக்காதவர் யாருமில்லை. அந்த நகரமும் கொழும்பைப் போலவே தவறியது. ஐரோப்பியப் பக்கத்தில் 1961இலும் ஆசியப் பக்கத்தில் 1966இலும் ட்ராமை நிறுத்தினார்கள். அங்கும் அப்போது காருக்கும் பஸ்ஸுக்கும்தான் இடம் தேடினார்கள். 1990இன் இறுதியில் பழைய நினைவாக அந்தச் சிவப்பு வண்டியை இஸ்திக்லாலில் திரும்பவும் ஓடவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் அதுவும் முன்ஹோல் முதியவர் கதைதான்.

அவர்கள் நிற்கவில்லை. 1992இல் டி1 என்ற புதிய ட்ராம் பாதை திறக்கப்பட்டது. அது எமினோனு துறைமுகம், சுல்தான் அஹ்மத், பெரிய பஸார் இருக்கும் பெயாஸித் என்று பழைய நகரத்தின் நடுவாகப் போகிறது. குல்ஹானேயிலிருந்து சிர்கேஜிக்கு இறங்கும் தெரு எவ்வளவு ஒடுக்கமானது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். எமது பிரதான வீதியை விட அகலம் என்று சொல்ல முடியாது. காருக்கு அங்கே முன்னுரிமை இல்லை, ட்ராமுக்குத்தான். காலையில் அந்த வண்டியில் ஏறினால் நீலப் பள்ளிவாசலைப் பார்க்கப்போகும் வெளிநாட்டவருக்குப் பக்கத்தில் பஸாரில் கடை திறக்கப்போகும் வியாபாரியும், பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவியும் ஒரே அட்டையைத் தட்டிவிட்டு நிற்கிறார்கள். ஊரவருக்காக ஓடும் வண்டியில் விருந்தாளி ஏறிக்கொள்கிறார். லிஸ்பனில் நடந்தது இதற்கு நேர்மாறு. மொரோக்கோவின் ரபாத்தும் கஸபிளாங்காவும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் புதிய ட்ராம்களைத் திறந்ததும் ஊரவருக்காகத்தான். இன்று உல்லாசப் பயணிகளும் அவற்றில் போகிறார்கள்.

இனி எமது கதைக்கு வருவோம். 2019 மார்ச்சில் ஜப்பானின் ஜய்க்கா நிறுவனத்துடன் இலகு ரயில் திட்டத்துக்கான கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மாலபேயிலிருந்து பத்தரமுல்ல, இராஜகிரிய, பொரளை ஊடாக கோட்டை வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். வட்டி 0.1 வீதம். பன்னிரண்டு வருட சலுகைக் காலம் உட்பட நாற்பது வருடத் தவணை. இந்த நிபந்தனைகளை ஒரு வியாபாரியிடம் காட்டுங்கள், இது கடனா நன்கொடையா என்று கேட்பார். பொரளையிலிருந்து கோட்டை வரை என்பதைக் கவனித்தீர்களா? அறுபது வருடங்களுக்கு முன்னர் தாருக்குள் புதைத்த ட்ராம் இணைத்த அதே இரண்டு முனைகள்தான். இம்முறை தண்டவாளம் நிலத்தில் அல்ல, தூண்களின் மேல்.

2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து சென்ற ஒரு கடிதத்துடன் திட்டம் முடிந்தது. செலவுக்கேற்ற பயன் இல்லை, கொழும்புக்குப் பொருத்தமான தீர்வு அல்ல என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. தூண்களின் மேல் கட்டுவது செலவு கூடியது என்பது உண்மை. நிலமட்டத்தில் ட்ராமாக அமைத்தால் குறையும் என்று வாதிட்ட பொறியியலாளர்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வாதம் நடக்க வேண்டிய இடம் பாராளுமன்றம், மாநகர சபை, பத்திரிகைப் பக்கங்கள். ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஆலோசகர்கள் வேலையை ஆரம்பித்த பிறகு, ஒரு பக்கக் கடிதத்தில் அல்ல. திட்டத்தை ஒருதலைப்பட்சமாக நிறுத்தியதால் ஏற்பட்ட பல பில்லியன் ரூபா நட்டத்தைப் பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் சுட்டிக்காட்டியது. 2023 மேயில் டோக்கியோ சென்ற அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஜப்பானியப் பிரதமரிடம் இதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் பெருமை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

இதே ஜய்க்கா, ஏறத்தாழ இதே காலத்தில், டாக்காவில் என்ன செய்தது என்பதை எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 2016 ஜூலை முதலாம் திகதி இரவு டாக்காவின் ஹோலி ஆர்டிஸன் உணவகத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் கொல்லப்பட்டவர்களில் ஏழு பேர் ஜப்பானியர்கள். டாக்காவின் போக்குவரத்துத் திட்ட ஆய்வுக்காக ஜய்க்காவின் சார்பில் வந்திருந்தவர்கள் அவர்கள். ஜப்பான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். போகவில்லை. 2022 டிசம்பரில் டாக்கா மெட்ரோவின் முதல் பகுதி திறக்கப்பட்டது. அடுத்த வருடம் மோதிஜீல் வரை நீண்டது. ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பெட்டி பெண்களுக்கு. 2024 ஜூலைக் கலவரத்தில் இரண்டு நிலையங்கள் அடித்து நொறுக்கப்பட்டபோது நகர மக்கள் அடைந்த துயரம், அது அவர்களுடைய சொத்தாகிவிட்டது என்பதைக் காட்டியது. சில மாதங்களில் இரண்டு நிலையங்களும் மீண்டும் திறக்கப்பட்டன. பங்களாதேஷ் எம்மைவிடச் செல்வந்த நாடு அல்ல. அவர்களுடைய அரசியல் எம்முடையதைவிட அமைதியானதும் அல்ல. வித்தியாசம், ஆட்சி தொடங்கி வைத்த வேலையைக் கைவிடவில்லை என்பதில் இருக்கிறது.

இந்த விவகாரத்தில் எமது சமூகத்துக்கு என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. தெமட்டகொடையிலோ கொலன்னாவையிலோ இருந்து மாலபேயில் உள்ள தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்குப் போகும் எமது பிள்ளைகளின் எண்ணிக்கை வருடா வருடம் கூடுகிறது. பெண் பிள்ளைகளும்தான். பொரளையில் இறங்கி மாற வேண்டும், மாறும் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. அந்த நெருக்கத்தில் ஒரு பெண் பிள்ளை படும் பாட்டை வீட்டில் சொல்வதுமில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். வசதி உள்ள தகப்பன் மாதக் கூலிக்கு ஒரு வேனோ முச்சக்கர வண்டியோ பிடித்துக் கொடுக்கிறார். வசதி இல்லாதவர் "தூரம் மகள், பக்கத்தில் ஏதாவது படி" என்கிறார். ஒரு ரயில் பாதை வராமல் போனதால் ஒரு பெண் பிள்ளை எந்தப் பாடத்தைப் படிப்பாள் என்பது தீர்மானமாகிறது. இதை எந்தக் கணக்காய்வு அறிக்கையும் நட்டமாகக் காட்டாது.

புறக்கோட்டை வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீதியைத் தோண்டப்போகிறார்கள், வாகனங்களைத் தடுக்கப்போகிறார்கள் என்றவுடன் வியாபாரம் போய்விடும் என்ற அச்சம் எமது கடைக்காரர்களுக்கு இயல்பாகவே வருகிறது. நியாயமானதுதான். நிர்மாணக் காலம் எந்த நகரத்திலும் கடினமானது. ஆனால் இன்று புறக்கோட்டைக்கு வரத் தயங்கி, நுகேகொடையிலும் மஹரகமையிலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வாடிக்கையாளர் யாரால் போனார்? தோண்டியதால் அல்ல. நிறுத்த இடமில்லை, வந்து சேர வழியில்லை என்பதால். இஸ்தான்பூலின் பஸார் வியாபாரிக்கு ட்ராம் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து வாசலில் இறக்குகிறது.

எமது அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. போர் முடிந்த பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்து "நகரை அழகுபடுத்தல்" நடந்த காலத்தில், கொம்பனித்தெருவிலும் வட கொழும்பிலும் சொந்த வீட்டை இழந்து தொடர்மாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் முஸ்லிம்களும் மலாய் மக்களும் ஏராளம். அழகு, அபிவிருத்தி, நகரப் பெருமை என்ற சொற்களைக் கேட்டவுடன் "எங்கள் வீடு எப்போது போகும்?" என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமை அல்ல, அனுபவம். நடைபாதை போட்டார்கள், விளக்கு வைத்தார்கள். அதில் நடக்க முன்பு அங்கு வாழ்ந்தவர்கள் இருக்கவில்லை. ஆகவே இலகு ரயிலோ ட்ராமோ மீண்டும் பேச்சுக்கு வரும்போது, எந்தப் பாதை என்பதோடு யாருடைய காணி, நட்டஈடு எவ்வளவு, எப்போது கையில் கிடைக்கும் என்ற கேள்விகளையும் நாம் முதல் நாளே மேசையில் வைக்க வேண்டும். தண்டவாளம் போட்ட பிறகு நீதிமன்றம் போவது எமக்குப் பழகிப்போன வழி. அது பெரும்பாலும் பிந்திய வழி.

கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில் ஓர் அலங்கார ட்ராமை ஓடவிட்டு, பழைய நகர மண்டபம், சம்மாங்கோட்டுப் பள்ளி, ஒல்லாந்தர் அருங்காட்சியகம் என்று உல்லாசப் பயணிகளுக்குக் காட்டினால் நன்றாக இருக்குமே என்ற ஆசை எனக்கும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு முதல் செலவு அதுவாக இருக்கக் கூடாது. அதற்கு முன்பாக, பெரும் செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. 190 போன்ற பஸ்கள் போகும் வீதிகளில் காலை, மாலை நேரங்களில் ஓர் ஒழுங்கையை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கி, அதில் ஏறும் சொகுசு வாகனத்துக்கு, அது யாருடையதாக இருந்தாலும், தண்டம் விதிப்பது அதில் ஒன்று. அமைச்சரின் வாகன அணியும் அதில் அடங்கும் என்றால் மக்கள் நம்புவார்கள்.

இலகு ரயிலைப் பொறுத்தவரை ஒரு விடயத்தை உடனடியாகக் கேட்கலாம். அந்தத் திட்டத்துக்காக ஆலோசகர்கள் செய்த ஆய்வுகள், நிலையங்கள் அமைய இருந்த இடங்கள், வீதி வரைபடங்கள் எல்லாம் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கான செலவு பொதுமக்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. அவற்றை நகர மண்டபத்தில் ஒரு மாதமாவது மூன்று மொழிகளிலும் காட்சிக்கு வைக்கட்டும். புறக்கோட்டைக் கடைக்காரரும், மாளிகாவத்தைத் தாயும், மாலபேயில் படிக்கும் மகளும் வந்து தங்கள் வீடும் கடையும் வகுப்பும் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.